ராத்திரி எத்தினி தபா முழிச்ச?

அந்த அக்காவின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால், "என்னக் கேக்காம என் கதைய ஊருக்குப் படிச்சிக் காட்டினியாடி?" என்று சண்டைக்கு வந்துவிடுவார். சண்டைக்காகவாவது வரட்டுமே என்று ஆசைதான். இருந்தாலும் வேண்டாம், அக்கா என்றே இருக்கட்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் விழுப்புரத்தில் காலை பாசஞ்சர் ஏறி திண்டிவனத்தில் இறங்குகிற பெண்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். எல்லோரும் சீசன் டிக்கெட், ஒரே லேடீஸ் பெட்டி. நாலரை மணிக்கு எழுந்து, பொங்கி, டப்பா கட்டி, ஓடி வந்து ஏறுகிற கும்பல். இடம் கிடைத்து உட்கார்ந்தால் போதும், தலை தொங்கிவிடும். தூங்காத ஒரே ஆள் அந்த அக்காதான். திண்டிவனத்தில் ஒரு மாவு மில்லில் வேலை அவருக்கு. சாயங்காலம் திரும்பும்போது புருவத்திலும் காது மடலிலும் கேப்பை மாவு ஒட்டியிருக்கும். துடைத்துக்கொள்ளுங்கள் என்றால், "வூட்டுக்குப் போயித் தலையில தண்ணி ஊத்தினா தானா போயிடும், உனக்கு இன்னா இப்ப?" என்பார்.

எங்களை எழுப்பிவிடுவது அவர் தானாகவே எடுத்துக்கொண்ட வேலை. மயிலம் ஸ்டேஷனை விட்டு வண்டி நகர்ந்ததும் எழுந்து, ஒவ்வொருத்தி முட்டியிலும் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே வருவார். சத்தம் போட மாட்டார். நாம் கண்ணைத் திறந்து, வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கே இருக்கிறோம் என்று விழிக்கிற அந்த நேரத்தில் கேள்வி வரும்: "ராத்திரி எத்தினி தபா முழிச்ச?"

என்னிடம் முதல் தடவை கேட்டபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்போது நான் புதிது. முன்பின் தெரியாத ஒரு பொம்பளை என் ராத்திரியைப் பற்றிக் கேட்பதா?

"அத நான் உங்ககிட்ட ஏன் சொல்லணும்?" என்றேன்.

"சொல்லாத. ஆனா நாலு தபா முழிச்சிருக்க. முண்டியம்பாக்கம் வர்றதுக்குள்ள சாஞ்சிட்டியே."

நாலுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவருடைய கணக்கு அப்படி. முண்டியம்பாக்கத்துக்கு முன்னால் ஒருத்தி சாய்ந்தால் நாலு தடவைக்குக் குறையாமல் எழுந்திருக்கிறாள். விக்கிரவாண்டி என்றால் இரண்டு, மூன்று. பேரணி வரைக்கும் தாக்குப் பிடித்தால் ஒன்று. மயிலம் வரைக்கும் கண் திறந்திருந்தால், "உனக்கு இன்னாம்மா, மகராசி" என்று கன்னத்தில் ஒரு தட்டு. படித்துத் தெரிந்துகொண்டதில்லை, எட்டாவதோடு நிறுத்தியவர். எத்தனையோ வருஷம் எதிரே உட்கார்ந்து எங்கள் மூஞ்சியைப் பார்த்ததில் வந்தது.

தூக்கம் வரவில்லை என்று பொதுவாகச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "வந்த தூக்கம் எதுக்குப் போச்சு, அத்தச் சொல்லு. ஒண்ணுக்கு வந்துச்சா? தாகமா? நெஞ்சு எரிஞ்சுதா? காலு இழுத்துக்கிச்சா? உடம்பு திடீர்னு சூடாயி வேர்த்துச்சா? கொசுவா? கொழந்தையா? எந்தக் கதவு தெறந்துகினு கீதுன்னு தெரியாம பூட்டு வாங்கப் போறியா?" என்று போலீஸ் மாதிரி கேட்பார். ஆம்பிளைகள் இல்லாத பெட்டி என்பதால் எல்லாவற்றையும் உரக்கத்தான் கேட்பார். முதல் ஒரு வாரம் எனக்கு மானம் போயிற்று. அப்புறம் பழகிவிட்டது.

என் கதவு எது என்று கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நாள்தான் ஆயிற்று. நான் ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திருப்பேன். சுகராக இருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தேன். "மொதல்ல போயி டெஸ்ட் எடு. பயந்துகினு படுத்தா அதுக்கே ரெண்டு தபா முழிப்பு வரும்" என்று விரட்டினார். எடுத்தேன், சுகர் இல்லை. அடுத்த கேள்வி: "பகல்ல எவ்ளோ தண்ணி குடிக்கிற?"

பகலில் நான் தண்ணீரே குடிப்பதில்லை. திண்டிவனத்தில் பத்திரம் எழுதுகிற ஓர் ஆபீசில் டைப்பிங் வேலை. பின்பக்கம் ஒரே ஒரு பாத்ரூம், அதற்கு ஒரே ஒரு சாவி. அந்தச் சாவி ஓனர் மேசை டிராயரில் இருக்கும். கிரயம் பண்ண வந்த பத்து ஆம்பிளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது நடுவில் போய், "சார், சாவி" என்று கை நீட்ட வேண்டும். அதற்குப் பதில் தாகத்தோடு இருந்துவிடலாம் என்று காலையில் அரை டம்ளரோடு சரி. வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்பு, சாப்பிடும்போது ஒரு சொம்பு, படுக்கும்போது பாட்டிலோடு படுப்பேன். நாள் பூராவும் குடிக்க வேண்டியதை எட்டு மணிக்கு மேல் குடித்தால் உடம்பு என்ன செய்யும்?

இதைச் சொல்லி முடித்ததும் அக்கா என்னைத் திட்டவில்லை. பெட்டியில் இருந்த மற்றவர்களைப் பார்த்தார். முக்கால்வாசிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எல்லோருடைய கதையும் அதுதான்.

அன்றைக்கு மதியம் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஆபீஸ் வாசலில் அக்கா நிற்கிறார், தலையெல்லாம் மாவு. நேராக ஓனர் மேசைக்குப் போனார். "சார், அந்தச் சாவிய ஒரு ஆணி அடிச்சி வெளிய மாட்டி வைங்க. உங்க வூட்டுல ஒண்ணுக்குப் போவணும்னா உங்க சம்சாரம் உங்களக் கேட்டுகினா போறாங்க?" என்றார். பத்து ஆம்பிளைகளும் குனிந்து பத்திரம் படிக்க ஆரம்பித்தார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போலிருந்தது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஓனர் முகம் சிவந்து, "அதுக்கின்னாம்மா, மாட்டிடலாம்" என்று அவரே ஆணி தேடிக்கொண்டு எழுந்தார். பாவம், அவருக்கு இப்படி ஒரு விஷயம் உண்டு என்றே தெரிந்திருக்கவில்லை. அதற்கப்புறம் நான் சாயங்காலம் ஆறு மணிக்குள் குடிக்க வேண்டியதைக் குடித்தேன், ராத்திரி வாய் நனைக்க மட்டும். நாலு தடவை ஒன்றாயிற்று.

எங்களோடு வந்த டீச்சருக்கு வேறு மாதிரி. அவருக்குப் பிரஷர். உடம்பில் நீர் பிரிகிற மாத்திரை ஒன்றும் அதோடு உண்டு. வகுப்பை நடுவில் விட்டுவிட்டு ஓட முடியாது என்று அந்த மாத்திரையை அவராகவே ராத்திரிக்கு மாற்றிக்கொண்டார். விடிய விடிய நடைதான். அக்கா அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இம்மாம் படிச்சிட்டு! நீயா மாத்தின இல்ல, இப்ப திரும்ப நீயா மாத்தாத. டாக்டரக் கேளு" என்றார். டீச்சர் போய்க் கேட்டு, டாக்டரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு, விடிகாலையில் போடுகிற மாதிரி மாற்றிக்கொண்டு வந்தார்.

மொபைல் கடையில் வேலை பார்க்கிற ஒருத்திக்குக் கைக்குழந்தை. எத்தனை தடவை என்று கேட்டால் விரல் போதாது. அக்கா அவளிடம் மட்டும் பூட்டு, கதவு என்று எதுவும் பேச மாட்டார். "இது வியாதி இல்ல, வளந்தா போயிடும். ஆனா ஒரு தபா உன் புருஷன எழுப்பி உடு. அவனும் அப்பன்தானே?" என்பார். மற்றவர்களை மயிலத்தில் எழுப்புகிறவர், அவளை மட்டும் வண்டி பிளாட்பாரத்தில் நுழைந்த பிறகுதான் தட்டுவார்.

எனக்கு மிச்சமிருந்த அந்த ஒரு தடவை லேசில் போகவில்லை. மூன்று மணிக்கு டாண் என்று முழிப்பு வரும். என் பையன் அப்போது ஓரகடத்தில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்டு. பைக்கில் வருவானா, பஸ்ஸில் வருவானா, தூங்கி வழிந்துகொண்டு வருவானா என்று மனசு ஓடும். உடனே போனை எடுத்து மணி பார்ப்பேன். மணி பார்த்தால் மெசேஜ் பார்ப்பேன். அப்புறம் விடிந்துவிடும். "மணி பாக்காத" என்றார் அக்கா. "மூணுன்னு தெரிஞ்சி நீ இன்னா பண்ணப் போற? போன வேற ரூம்புல வை. உன் புள்ளயப் பத்தி நெனைக்கிறத சாயங்காலம் ரயில்ல என்கிட்ட கொட்டிட்டுப் போ. ராத்திரிக்கு மிச்சம் வெக்காத." கொட்டினேன். தினமும் விக்கிரவாண்டி வரைக்கும் கொட்டினேன். ஒரு நாள்கூட அவர் அலுத்துக்கொண்டதில்லை. என்னைப் பெற்றவள்கூட அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

இவ்வளவு தெரிந்தவருக்கு நல்ல தூக்கத்துக்கு உதாரணம் யார் தெரியுமா? அவர் வீட்டுக்காரர். விழுப்புரத்தில் ஒரு ஸ்கூலுக்கு வேன் ஓட்டினார் அவர். "படுத்த ஒடனே ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆயிடும். தெருமொனை வரைக்கும் கேக்கும். மனசுல சூது இல்லாதவன்தான் அப்டித் தூங்குவான்" என்று அக்கா பெருமையடித்துக்கொள்வார். குறட்டை விட்டால் நன்றாகத் தூங்குகிறார் என்றுதான் நாங்களும் நினைத்தோம். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஒரு நாள் அக்காவே எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் கேட்பதற்கு நாங்கள் பதில் சொல்லியே பழக்கம், அன்றைக்குத்தான் முகத்தில் அந்த அதட்டல் இல்லை.

"எங்க மில்லுல ஒருத்தரு. சுகரு இல்ல, டெஸ்ட் எடுத்தாச்சு. ஆம்பிளைங்களுக்கு ஒண்ணுக்குப் பை கிட்ட வர்ற அந்த வீக்கமும் இல்ல, ஸ்கேன் பாத்தாச்சு. ஏழு மணிக்கு மேல தண்ணி இல்ல, டீ இல்ல. ஆனாலும் அஞ்சு தபா ஒண்ணுக்கு ஏந்திருக்கறாரு. காலையில தலவலி. பகல்ல உக்காந்தா தூங்கிடறாரு. இன்னாவா இருக்கும்?"

"குறட்டை விடுவாரா?" என்று கேட்டாள் மொபைல் கடைக்காரி.

"அது விடுவாரு. அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"எங்க மாமனாருக்கு இப்டித்தான் இருந்துச்சு. டாக்டரு குறட்டைய போன்ல ரெகார்டு பண்ணி எடுத்தாரச் சொன்னாரு."

"போடி, டாக்டருக்கு வேற வேல இல்ல" என்று அக்கா சிரித்துவிட்டார். ஆனால் இறங்குவதற்கு முன்னால் தன் போனை அவளிடம் கொடுத்து, எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மில்லில் ஒருத்தர் என்று சொன்னது யாரை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து, வண்டி விழுப்புரத்தை விட்டுக் கிளம்பியதும், "இந்தாங்கடி, என் வூட்டு ஜெனரேட்டரு" என்று போனை நீட்டினார். நாங்கள் நாலு பேர் தலையை முட்டிக்கொண்டு குனிந்தோம். காலை வெயில் ஜன்னல் வழியாக மடியில் விழுகிறது. போனுக்குள்ளே ஓர் ஆள் குறட்டை விடுகிறார். என்ன குறட்டை! டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். "யக்கா, நீ எப்டிக்கா பக்கத்துல படுக்கற?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் இன்னும் சிரித்தோம்.

அப்போது குறட்டை நின்றது.

"ரெகார்டிங் முடிஞ்சிடுச்சா?" என்றேன்.

"இல்லக்கா, ஓடுது பாரு" என்று மொபைல் கடைக்காரி போனைக் காட்டினாள். நொடி எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. சத்தம் மட்டும் இல்லை. பத்து. பதினைந்து. டீச்சர் சிரிப்பை நிறுத்தினார். இருபது. இருபத்தைந்து. நான் என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முப்பதைத் தாண்டியபோது, தண்ணீரில் முங்கினவன் மேலே வருகிற மாதிரி ஒரு பெரிய திணறல். கட்டில் கிறீச்சிட்டது. கால் சத்தம், தாழ்ப்பாள் சத்தம். பாத்ரூமுக்குப் போகிறார்.

மொபைல் கடைக்காரி மெதுவாகச் சொன்னாள்: "எங்க மாமனாருக்கும் இதான்க்கா. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது."

அக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுக்குன்னு இல்ல இவரு ஏந்திருக்கறாருன்னு நெனச்சேன்" என்று ஆரம்பித்து, சொல் குழறி நின்று, மறுபடி சொன்னார். "மூச்சுக்காடி ஏந்திருக்கறாரு? இத்தினி வருசமா பக்கத்துலயே படுத்துகினு, ஐயோ, பெருமையா வேற சொல்லிகினு இருந்தேனே."

அடுத்த நொடி அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "போன வாரம் கோலியனூர் கிட்ட வண்டி ரோட்ட உட்டு எறங்கிடுச்சி. பஞ்சருன்னு சொன்னாரு. தூங்கிட்டாருடி. இப்ப வண்டி நெறைய பசங்க இருக்கும்."

போன் போட்டார். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் எடுக்கவே மாட்டார், அது அவருடைய ஒழுங்கு. அன்றைக்கு அந்த ஒழுங்கு எங்களைக் கொன்றது. மூன்று தடவை போட்டார், நாலு தடவை போட்டார். விக்கிரவாண்டி வந்ததும் டப்பாப் பையைக்கூட எடுக்காமல் இறங்கிவிட்டார். அந்த நிலைமையில் அவரைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நானும் இறங்கினேன்.

பிளாட்பார பெஞ்சில் உட்கார வைத்தேன். உட்கார மாட்டேன் என்கிறார். எல்லோரையும் இரண்டு விரலால் தட்டி எழுப்புகிற அந்தக் கை மறுபடி மறுபடி போனை அமுக்கிக்கொண்டிருந்தது. நான் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. கால் மணி இருக்கலாம். போன் அடித்தது.

"எங்க கீறீங்க?" என்றார் அக்கா.

"ஸ்கூல்லதான். பசங்கள எறக்கிட்டேன். இன்னா, இத்தினி தபா போன் பண்ணிகீற? யாருக்கு இன்னா ஆச்சு?" ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது.

"சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டு அங்கயே உக்காருங்க. வண்டியத் தொடாதீங்க. நான் வர்றேன்."

"ஏய், இன்னான்னு சொல்லு."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "ஊரையே எழுப்பினேங்க. உங்கள எழுப்பாம உட்டுட்டேன்."

அவர் உடனே சம்மதித்துவிடவில்லையாம். "குறட்டை விட்டதுக்கு வேலைய உடச் சொல்றியா, பேஜாரு பண்ணாத" என்று கத்தினாராம். அக்கா ஸ்கூல் வேப்பமரத்தடியில் அவரை உட்காரவைத்து அந்த ரெகார்டிங்கைப் போட்டுக் காட்டியிருக்கிறார். தன் குறட்டையைத் தானே கேட்டவர் எத்தனை பேர்? முழுசும் கேட்டுவிட்டு, "இது நானா?" என்றாராம். சாயங்கால டிரிப்புக்கு வேறு டிரைவரை அவரே போன் பண்ணிக் கூப்பிட்டாராம். கோலியனூரில் நடந்தது பஞ்சர் இல்லை என்பதையும் அப்போதுதான் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி பூராவும் உடம்பெல்லாம் வயர் ஒட்டிப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குகிற ஒரு காற்று மெஷின் கொடுத்தார்கள். மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று அவர் ஒரு வாரம் அழிச்சாட்டியம் பண்ணினார். அப்புறம் வழிக்கு வந்தார். எடையைக் குறைக்கச் சொன்னதற்கு அக்காவே அவரை விடிகாலையில் நடக்கக் கூட்டிப்போனார். ஒண்ணுக்கு எழுந்திருப்பது தானாகவே நின்றுபோயிற்று. மூச்சு சரியானால் அதுவும் சரியாகும் என்று டாக்டர் சொன்னாராம். அவர் மறுபடி வேனைத் தொட நாலு மாதம் ஆயிற்று. டாக்டர் சரி என்று சொன்ன பிறகும், முதல் நாள் பக்கத்து சீட்டில் அக்கா உட்கார்ந்துகொண்டு போனார்.

அக்கா அதற்கப்புறம் ரயிலில் அதிக நாள் வரவில்லை. விழுப்புரத்திலேயே ஒரு மில்லில் சேர்ந்துவிட்டார். அவர் இல்லாமல் நாங்கள் ஒரு தடவை ஒலக்கூர் வரைக்கும் தூங்கிக்கொண்டே போய்விட்டோம். இறங்கி நின்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம்.

போன வருஷம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரையும் பார்த்தேன். திருவெண்ணெய்நல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகக் காத்திருந்தார்கள். அவர் இளைத்து, முகம் தெளிந்து, என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று நகர்ந்தார். அக்கா கண்ணுக்குக் கீழே கருவளையம். நான் விடுவேனா?

"ராத்திரி எத்தினி தபா முழிக்கிறீங்க?" என்றேன்.

முறைத்தார். அப்புறம் சிரித்துவிட்டார். "ரெண்டு தபா."

"எதுக்கு?"

"அந்த மெஷினு வந்ததுலேர்ந்து சத்தமே இல்லடி. உஸ்ஸுன்னு லேசா ஒரு காத்து, அவ்ளோதான். அவ்ளோ நாளு அந்தச் சத்தத்துல தூங்கினவ இல்ல? அமைதியா இருந்தா ஒடனே முழிச்சிக்கறேன். கைய அவரு நெஞ்சு மேல வெச்சிப் பாப்பேன். ஏறும், எறங்கும். ஒரு பத்து மூச்சு எண்ணுவேன். அப்புறம் கண்ணு தானா மூடிக்கும்."

"டாக்டர்கிட்ட சொல்லலாமேக்கா. அந்த ரெண்டையும் கொறைச்சிடுவாங்க."

டீ டம்ளர்களோடு கூட்டத்தில் இடித்துக்கொண்டு வருகிற மனுஷனைப் பார்த்துக்கொண்டே அக்கா சொன்னார்:

"வேணாம்டி. அந்த ரெண்டு தபா எனக்கு இருக்கட்டும்."